கேட்டலும் கொடுத்தலும்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்கப் பாடல்களில் கொடை என்னும் பொருள் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். குறிப்புகளும் எடுத்தேன். ஆயினும் எழுத அமர்ந்தபோதெல்லாம் மனம் வேறொரு கொடையையே நாடிச் சென்றது. அது பாரியும் பேகனும் வழங்கிய கொடை அன்று. எளிய மனிதர் தம் இறப்புக்குப் பின் தம் உடலிலிருந்து வழங்கும் கொடை. அதன் வரலாற்றில் மேடைகளில் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. கொடுக்கப்பட்ட உறுப்போடு கூடவே நோயும் சென்ற வரலாறு அது. அதனை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வட்டத்தின் ஐந்தாம் ஆண்டு விழாவில் கண்கொடை உறுதிமொழிப் படிவங்கள் வழங்கப்பட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். கவியரங்கம் முடிந்த கையோடு இருபதுக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டோம். என் தந்தையாரும் ஒப்பமிட்டார். அவர் கவிஞர் அல்லர். கூட்டம் தவறாமல் வந்து கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டுப் போகும் சுவைஞர். தம் பெயரைத் திருத்தமாக எழுதி, தேதியும் இட்டு, ‘இதாவது உருப்படியாக ஒரு காரியம்’ என்று சொல்லிச் சிரித்தார்.

ஈராண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவில் அவர் மாரடைப்பால் மறைந்தார். தம்பி கண் வங்கிக்குத் தொலைபேசியில் சொன்னான். அவர்கள் சொன்னபடி மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் ஓர் இளம்பெண் உதவியாளருடன் வந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. எங்கள் நடுவில் அமர்ந்து வினாக்களைத் தொடங்கினார். இறப்புக்கு என்ன காரணம்? மஞ்சட்காமாலை கண்டதுண்டா? குருதி ஏற்றியதுண்டா? அண்மையில் நினைவு தடுமாறியதா, நடை தள்ளாடியதா? நாய் ஏதும் கடித்ததா?

சிற்றப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ‘போன மனுசனைக் கூண்டுல நிக்க வச்சு விசாரிக்கிற மாதிரில்ல இருக்கு’ என்றார். அப்பெண் பதில் சொல்லவில்லை. கடைசி வினாவில் வீடு அமைதியாயிற்று. எங்களுக்குத் தெரியும்; நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் தெருநாய் ஒன்று அவரைக் கடித்திருந்தது. சிற்றப்பா அம்மாவைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். சொன்னால் கண்ணை எடுக்கமாட்டார்கள். அண்ணனின் ஆசை நிறைவேறாமற் போகும் என்பது அந்த அசைவின் பொருள். அம்மா அவரைப் பார்க்காமலேயே சொன்னார்: ‘ஆடி மாசம் ஒரு நாய் கடிச்சுது. ரெண்டு ஊசி போட்டாரு. அப்புறம் போகலை.’

ஐயத்திற்குரிய விலங்கு கடித்து ஆறு திங்கள் கழியாதவரின் விழிகளைத் தம் விதி ஏற்பதில்லை என்று அப்பெண் விளக்கினார். திறக்காத பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, தந்தையாரின் உடலைக் கைகூப்பி வணங்கி விடைபெற்றார். உறவினர் பலர் அம்மாவைக் கடிந்துகொண்டனர். மாரடைப்பில் இறந்தவருக்கும் நாய்க்கடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டனர். எனக்கும் அன்று அவ்வினா நியாயமாகவே பட்டது. அப்பெண் கேட்ட கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று அறியும் விருப்பமே என்னை இவ்வரலாற்றின்பால் செலுத்தியது.

வினா எழாத கொடை

உடலுறுப்பைக் கொடுத்தல் என்றதும் தமிழ் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் கண்ணப்பரே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திண்ணனார் இறைவன் கண்ணிற் குருதி கண்டு பதறுகிறார், பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிகிறார், குருதி நிற்கவில்லை. உடலின் குறையை உடலாலேயே தீர்க்கலாம் என்று தாம் கேட்டிருந்த பழமொழி நினைவுக்கு வருகிறது. அம்பினால் தம் கண்ணை அகழ்ந்து அப்புகிறார். மருந்து, பயனின்மை, மாற்று உறுப்பு என்னும் வரிசை மருத்துவ முறைக்கு மிக அணுக்கமாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. ஆனால் அங்கே ஏற்பவர் இறைவன். கொடுத்தவர் உடலில் என்ன இருந்தது என்னும் வினா அங்கு எழவில்லை, எழவும் இயலாது.

மனிதர் மனிதருக்குக் கொடுக்கும்போது நிலை வேறு. இங்கு நம் இலக்கணம் ஒரு வழி காட்டுகிறது. இரத்தலைக் குறிக்கும் சொற்களைத் தொல்காப்பியர் மூன்றாகப் பகுக்கிறார். தாழ்ந்தோன் கேட்கும்போது ‘ஈ’, ஒப்போன் கேட்கும்போது ‘தா’, உயர்ந்தோன் கேட்கும்போது ‘கொடு’. மூன்றும் கேட்பவன் வாய்ச்சொற்களே. கொடையைப் பற்றிய இலக்கணம் கேட்பவனிடமிருந்து தொடங்குவது கருதத்தக்கது. மேலும், தமிழில் ‘கேள்’ என்னும் வினை வேண்டுதலையும் குறிக்கும்; வினவுதலையும் குறிக்கும்; செவிசாய்த்தலையும் குறிக்கும். உறுப்பு மாற்று மருத்துவத்தின் வரலாறு, முதற்பொருளில் மட்டும் கேட்டுப் பெற்றவர்கள் மற்ற இரு பொருள்களையும் பட்டறிந்து கற்றுக்கொண்ட வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இலண்டன் பற்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் செல்வர்களிடையே ஒரு பழக்கம் பரவியது. பல் விழுந்த இடத்தில் வேறொருவர் வாயிலிருந்து அப்போதே பிடுங்கிய பல்லை நட்டுக்கொண்டனர். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சான் ஹண்டர் இதற்கு அறிவியல் மதிப்பு அளித்தவர். மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டுச் சோதித்தவர் அவர். 1771-இல் அவர் வெளியிட்ட பற்களைப் பற்றிய நூல் பல் மாற்றும் முறையையும் விளக்கியது. பல்லைக் கொடுத்தவர்கள் ஏழைகள். பெரும்பாலும் சிறுவரும் சிறுமியரும். சில காசுகளுக்காக அவர்கள் வரிசையில் நின்றனர். 1787-இல் ரௌலண்ட்சன் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் பல் செல்வச் சீமாட்டிக்காகப் பிடுங்கப்படுவதைக் காணலாம்.

விரைவில் வேறு செய்திகள் வரலாயின. பல் நட்டுக்கொண்ட சிலருக்கு ஈறு புண்ணாகி, தொண்டை புண்ணாகி, உடலெங்கும் கொப்புளங்கள் தோன்றின. மாற்றுப்பல் பெற்ற இளம்பெண் ஒருத்தி இவ்வாறு துன்புற்று இறந்ததை வில்லியம் வாட்சன் என்னும் மருத்துவர் 1785-இல் பதிவுசெய்தார். கிரந்தி எனப்படும் மேகநோயே பல்லின் வழியாக வந்தது என்று பலரும் கருதினர். ஹண்டர் தயங்கினார். 1786-இல் மேகநோய் பற்றித் தாம் எழுதிய நூலில், பல்லைக் கொடுத்தவர்களிடம் நோயின் அறிகுறி காணப்படவில்லையே என்னும் தடையை அவர் எழுப்பினார்.

அந்தத் தடையில்தான் இவ்வரலாற்றின் முதற்பாடம் இருக்கிறது. நோய் ஓர் உடலில் அடையாளம் காட்டாமல் உறையக்கூடும் என்பதை அக்காலம் நன்கு அறியவில்லை. கண்ணுக்கு நலமாகத் தெரிந்தவர் நலமானவர் என்று கொள்ளப்பட்டார். அந்தச் சிறுவனை எவரும் உட்காரவைத்து வினவவில்லை. வினவியிருந்தாலும், காசை எதிர்நோக்கி நின்ற பிள்ளை என்ன விடை சொல்லியிருப்பான்?

கருவிழியின் இருமுகம்

மனிதரிடமிருந்து மனிதருக்குக் கருவிழிப்படலம் மாற்றும் அறுவை முதன்முதலில் நிலைத்த வெற்றி கண்டது 1905 திசம்பர் 7 அன்று. மொராவியாவின் ஓலமோட்சு நகரில் எதுவர்த் சிர்ம் என்னும் மருத்துவர் அதைச் செய்தார். சுண்ணாம்பினால் பார்வையிழந்த கூலித் தொழிலாளி ஒருவருக்கு, காயத்தால் அகற்ற நேர்ந்த ஒரு சிறுவனின் விழியிலிருந்து படலம் கிடைத்தது. இறந்தோர் விழியும் பயன்படும் என்பதை 1930-களில் ஒதேசா நகரின் பிலாத்தவ் நிலைநாட்டினார். 1944-இல் நியூயார்க்கில் கண் வங்கி தோன்றியது. அடுத்த ஆண்டே, 1945-இல், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் மருத்துவர் முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியை நிறுவினார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

மற்ற உறுப்புகளை மாற்றுவது கடினமாக இருந்த காலத்திலேயே கருவிழி மாற்று எளிதானதற்குக் காரணம் உண்டு. கருவிழிப்படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. ஆகவே ஏற்பவரின் உடல் அதை அயற்பொருள் என்று எதிர்ப்பது குறைவு. குருதி இல்லாத இடத்தில் நோயும் இராது என்ற எண்ணமும் இயல்பாகவே நிலவியது. ஆனால் அதே படலம் உடலிலேயே நரம்பு முனைகள் மிகச் செறிந்த இடங்களுள் ஒன்று. வெறிநாய்க்கடி நோயின் நச்சுயிரி குருதியை நம்பிப் பயணம் செய்வதில்லை. கடிவாயிலிருந்து நரம்பின் வழியே மூளைக்கு ஏறுகிறது. மூளையிலிருந்து மீண்டும் நரம்புகளின் வழியே உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் விழிக்கும் இறங்குகிறது. 

1978-இல் அமெரிக்காவில் 37 வயதுப் பெண் ஒருவர் மாற்று விழிப்படலம் பெற்றார். ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து, மாற்றிய விழியின் பின்புறம் தலைவலி தொடங்கியது. அறுவை நடந்த 50-ஆம் நாள் அவர் இறந்தார். வெறிநாய்க்கடி நோயே காரணம். படலம் தந்தவர் கைகால் தளர்ந்து செயலிழக்கும் வேறொரு நரம்பு நோயால் இறந்ததாகக் கருதப்பட்டவர். பின்னர் ஆராய்ந்தபோது அவரையும் கொன்றது இதே நோய் என்பது தெரியவந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அந்நோய் சென்றது ஐயமற நிறுவப்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவே. பின்னர்ப் பிரான்சு, தாய்லாந்து, ஈரான் ஆகிய நாடுகளிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. ஒரே கொடையாளரின் விழிகளைப் பெற்ற இருவர் இறந்த செய்தி 1988-இல் இந்தியாவிலிருந்தும் வெளியாயிற்று.

நோய் முற்றாத நிலையில், உயிரோடிருப்பவரிடம்கூட இதனைச் சோதனையால் அறிவது அரிது. கடித்ததா என்று உடனிருந்தவர்களைக் கேட்பதொன்றே வழி. எங்கள் வீட்டில் அப்பெண் கேட்ட கடைசி வினா இங்கிருந்துதான் வந்தது.

முப்பதாண்டு உறக்கம்

நினைவுத் தடுமாற்றம் பற்றிய வினாவுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. குருட்சுபெல்டு–யாக்கோபு நோய் என்னும் அரிய மூளைநோய் சில திங்களில் நினைவையும் நடையையும் அழித்து உயிரையும் கொள்வது. கருவிழி மாற்றுப் பெற்ற பெண் ஒருவருக்குப் பதினெட்டுத் திங்கள் கழித்து அந்நோய் கண்டதை 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். விழி தந்தவரும் அந்நோயாலேயே இறந்தவர். இந்நோயை உண்டாக்குவது கிருமியும் அன்று, நச்சுயிரியும் அன்று. உருத்திரிந்த ஒரு புரதம். இக்கருத்தை வளர்த்தெடுத்த பிரூசினர் 1997-இல் நோபல் பரிசு பெற்றார். உருத்திரிந்த அப்புரதத்தை உடல் பகையென்று உணர்வதில்லை. மற்ற கிருமிகளைக் கொல்லும் கதிரும் வேதிப்பொருளும் அதனை எளிதில் அழிப்பதில்லை.

இதன் பெருங்கொடுமையை அனுபவித்த நாடு சப்பான். மூளையை மூடியிருக்கும் சவ்வை இறந்தோர் உடலிலிருந்து எடுத்துப் பதப்படுத்தி விற்றனர். மூளை அறுவையின்போது கிழிசலை ஒட்டுவதற்கு அது பயன்பட்டது. பலரிடமிருந்து பெற்றவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதப்படுத்தியதால், ஒரு சவ்வின் நோய் பலவற்றிற் பரவியது. 1987-இல் அமெரிக்காவில் முதல் நோயாளி அறியப்பட்டபின், காரச் சோடாக் கரைசலால் பதப்படுத்தும் முறை வந்தது. எனினும் அதற்குமுன் பயன்படுத்தப்பட்ட சவ்வுகள் மனிதர் தலைகளுக்குள் இருந்தன. சப்பானில் மட்டும் 150-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் தாக்குண்டனர். சிலருக்கு அறுவை நடந்து முப்பதாண்டு கழித்தே நோய் வெளிப்பட்டது.

இங்கே இரண்டாம் பாடம் கிடைக்கிறது. கொடுத்தவர் யாரென்று தெரியாதவாறு பலருடைய உடல்களை ஒரே சரக்காக்கியபோது, கேட்பதற்கு ஆளே இல்லாமற் போயிற்று. 

சோதனையும் இடைவெளியும்

உறுப்பு மாற்றில் இடர் மிகுவதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. 1967 திசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலுள்ள குரூட் சூர் மருத்துவமனையில் கிறித்தியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். புதிய இதயம் நன்றாகத் துடித்தது. ஆனால் அதனை உடல் எதிர்க்காமல் இருக்கக் கொடுத்த மருந்துகள் உடலின் காவலையும் தளர்த்தின. 18-ஆம் நாள் நோயாளி நுரையீரற் காய்ச்சலால் இறந்தார். அயலான் ஒருவனை உள்ளே விடுவதற்காகக் கோட்டையின் கதவைத் திறந்து வைத்தால், அவனோடு யார் யார் நுழைவர் என்று சொல்ல இயலாது. சிறுநீரகமோ ஈரலோ பெற்றவர் வாழ்நாள் முழுதும் அக்கதவைச் சற்றே திறந்து வைத்திருக்க வேண்டியவர். எனவே, நலமுள்ளவர் தாங்கிக்கொள்ளும் தொற்றையும் அவர் தாங்குவதில்லை.

1985-இல் எச்.ஐ.வி. கண்டறியும் குருதிச் சோதனை வந்தது. இனி அச்சமில்லை என்று மருத்துவ உலகம் ஆறுதல் கொண்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 22 வயது இளைஞர் ஒருவரின் உறுப்புகளும் திசுக்களும் கொடையாகப் பெறப்பட்டன. சோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது. ஆண்டுகள் சில கழித்து, அவருடைய எலும்பைப் பெற்ற ஒருவருக்கு எச்.ஐ.வி. கண்டபோது தேடல் தொடங்கியது. அவ்வோர் உடலிலிருந்து 58 உறுப்புகளும் திசுக்களும் பலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. ஏற்றவர்களுள் 41 பேர் சோதிக்கப்பட்டனர். இதயம், ஈரல், சிறுநீரகங்கள் பெற்ற நால்வர்க்கும், பதப்படுத்தாமல் உறையவைத்த எலும்பைப் பெற்ற மூவர்க்கும் தொற்று இருந்தது. மற்ற 34 பேர் தப்பினர். அவர்களுட் பெரும்பாலோர் பெற்ற திசுக்கள் சாராயத்தாலோ கதிராலோ வேறு முறையாலோ பதப்படுத்தப்பட்டவை. இவ்வாய்வு 1992-இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே திசுக்கொடைக்கான நடுவணரசு விதிகள் அமெரிக்காவில் பிறந்தன.

அச்சோதனை பொய் சொல்லவில்லை. அது நச்சுயிரியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடியது. தொற்று நுழைவதற்கும் எதிர்ப்பொருள் தோன்றுவதற்கும் இடையே சில கிழமைகள் உண்டு. அந்த இடைவெளியில் உடல் வாய் திறப்பதில்லை. நச்சுயிரியின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் சோதனைகள் பின்னர் வந்து இடைவெளியைப் பெரிதும் சுருக்கின, முற்றாக மூடவில்லை. குருதி பேசாத நாள்களில் மனிதர்தாம் பேசவேண்டும். சோதனைக்கூடம் எவ்வளவு வளர்ந்தாலும் வினாப்பட்டியல் மறையாமல் இருப்பதன் காரணம் இதுவே.

விலையும் உண்மையும்

மனிதர் எப்போது உண்மை பேசுவர்? இவ்வினாவுக்கு விடை தேடியவர் இங்கிலாந்தின் சமூகவியல் அறிஞர் ரிச்சர்டு டிட்மசு. 1970-இல் வெளியான ‘கொடை உறவு’ என்னும் பொருளுடைய தம் நூலில், குருதியை விலைக்கு வாங்கும் முறையையும் கொடையாகப் பெறும் முறையையும் அவர் ஒப்பிட்டார். விலைக்கு வாங்கிய குருதியில் மஞ்சட்காமாலை இடர் மிகுதி என்று காட்டினார். அதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று எளியது: விற்பவனுக்கு நோயை மறைக்கத் தேவை உண்டு; கொடுப்பவனுக்கு அத்தேவை இல்லை. இலண்டனில் பல் விற்ற சிறுவனின் நிலையும் அதுதான்.

நம் நாடும் இப்பாடத்தைத் துன்பத்தின் வழியே கற்றது. 1984 முதல் 1988 வரை ஐக்கிய அரபு நாடுகளிலிருந்தும் ஓமனிலிருந்தும் பம்பாய் வந்து விலைக்குச் சிறுநீரகம் பெற்றுத் திரும்பிய 130 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1990-இல் வெளியாயிற்று. இறப்பு மிகுதியாக இருந்தது, சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றும் காணப்பட்டது. அக்காலத்தில் சென்னை வில்லிவாக்கத்திற்குச் செய்தித்தாள்கள் இட்ட பழிப்பெயர் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். கடன்சுமையால் சிறுநீரகத்தை விற்ற பெண்களிடம் அவர்களுடைய பழைய நோய்களைப் பற்றி எவரும் பொறுமையாகக் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. 1994-இல் நிறைவேறிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இவ்விற்பனையைக் குற்றமாக்கியது. 1996-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் விளைவாக, குருதி விற்பனையும் 1998 முதல் தடைசெய்யப்பட்டது. ஏழையைச் சுரண்டுவது தீது என்பதே இவற்றின் அடிப்படை. விற்பனை உண்மையைக் கெடுக்கும் என்பது அதனோடு சேர்ந்த பாடம்.

அறிந்து ஏற்றல்

எனினும் விற்பனை இல்லாத இடத்திலும் கேட்கத் தவறினால் என்ன நேரும் என்பதை 2004 காட்டியது. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் மூளைக் குருதிக்கசிவால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் ஈரலையும் இரு சிறுநீரகங்களையும் மூவர் பெற்றனர். அவரது குருதிக் குழாய்த் துண்டொன்று வேறோர் ஈரல் மாற்றில் பயன்பட்டது. நால்வரும் வெறிநாய்க்கடி நோயால் இறந்தனர். கொடையாளரை வௌவால் ஒன்று கடித்திருந்தது என்பது அவரை அறிந்தவர்களிடம் பின்னர் வினவியபோதே வெளிப்பட்டது. விடை அருகிலேயே இருந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு செருமனியிலும் இதுவே நிகழ்ந்தது. கொடையாளர் இந்தியாவுக்கு வந்து திரும்பிய இளம்பெண். அவருடைய உறுப்புகளைப் பெற்ற மூவர் இறந்தனர். ஈரல் பெற்றவர் பல ஆண்டுகளுக்கு முன் தற்செயலாகத் தடுப்பூசி போட்டிருந்தமையால் பிழைத்தார். விழிப்படலம் பெற்ற இருவரும், உண்மை தெரிந்தவுடன் படலம் அகற்றப்பட்டுத் தடுப்பூசி பெற்றமையால் பிழைத்தனர். வெறிநாய்க்கடியால் உலகில் இறப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அப்பெண்ணின் பயணத்தைப் பற்றிய ஒரு வினா எவ்வளவு பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதை நாம் நன்கு உணரலாம்.

இவ்வரலாற்றை அறிந்தவர் கொடையையே அஞ்சுதல் தகாது. வெறிநாய்க்கடி விழிப்படலத்தின் வழியே சென்றதாக மருத்துவ ஏடுகளில் உறுதிசெய்யப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கன; மாற்று விழியால் பார்வை பெற்றோரோ பல்லாயிரக்கணக்கானோர். மேலும், அறிதல் என்பது விலக்குவதற்கு மட்டும் உரியதன்று. 2008-இல், பர்னார்டு இதயத்தை மாற்றிய அதே குரூட் சூர் மருத்துவமனையில், எல்மி முல்லர் என்னும் பெண் மருத்துவர் ஒரு துணிவான செயலைச் செய்தார். எச்.ஐ.வி. தொற்றுடன் இறந்தவரின் சிறுநீரகங்களை, முன்பே அத்தொற்று உடைய நோயாளிகளுக்கு, அவர்கள் இசைவுடன் பொருத்தினார். அவர்கள் பிழைத்தனர். 2013-இல் அமெரிக்காவும் இத்தகைய மாற்றுக்கு ஆய்வு அடிப்படையில் சட்டத்தால் வழி திறந்தது. சி-வகை ஈரலழற்சியை முற்றிலும் நீக்கும் மருந்துகள் வந்தபின், அத்தொற்றுடையோரின் உறுப்புகளும் ஏற்பவர் இசைவுடன் பயன்படுகின்றன. ஒரு காலத்தில் எழுவரைத் தாக்கியது மறைந்திருந்த நோய். இன்று அதே நோய், வெளிப்படச் சொல்லப்பட்டபோது, கொடைக்குத் தடையாகவில்லை. பெருங்கேடு விளைத்தது நோயைக்காட்டிலும் அதை அறியாமையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

நிறைவாக

சிற்றப்பாவின் சினத்தை நான் இன்று குறை கூறவில்லை. நம் மரபில் இறந்தவரைப் பற்றிக் குற்றம் பேசுவதில்லை. கொடுக்க வந்தவரை ஆராய்வதும் நமக்குப் பழக்கமில்லை. ஏற்பவரைத்தான் தகுதி பார்ப்போம். உறுப்புக்கொடை இவ்விரண்டையும் மாற்றிக் கேட்கிறது. இங்கே வினவுவது ஐயுறுவது ஆகாது. பெறப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக, அவர் கேட்க இயலாததை இன்னொருவர் கேட்கிறார். விடை சொல்பவரும் அந்த ஒருவருக்காகவே சொல்கிறார்.

தந்தையார் விழி எவருக்கும் பயன்படவில்லை என்று நெடுநாள் வருந்தினேன். இப்போது அவ்வாறு எண்ணுவதில்லை. அன்றிரவு எங்கோ ஒரு மருத்துவமனையில் பார்வைக்காகக் காத்திருந்த இருவர், தமக்கு நேரக்கூடியதாக இருந்த ஓர் இடரை அறியாமலேயே உறங்கியிருப்பர். அவர்களுக்கு அம்மா கொடுத்தது விழியினும் குறைந்ததன்று.

இம்மலர் வெளியீட்டு விழாவிலும் உறுதிமொழிப் படிவங்கள் வைக்கப்படும் என்று அறிகிறேன். அன்பர்கள் ஒப்பமிட வேண்டுகிறேன். ஒப்பமிட்டபின் வீட்டாரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லிவையுங்கள். ஒன்று, தங்கள் விருப்பம். மற்றொன்று, கண்ட நோய், ஏற்றிய குருதி, கடித்த நாய் என எதையும் மறைக்க வேண்டா என்பது. நாய் கடித்தால் ஊசிகளை முழுவதும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். என் பெயர் உள்ள படிவம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் என் நோய்களின் பட்டியலை நானே எழுதி வைத்திருக்கிறேன். அம்மா ஒருமுறை அதனைப் படித்துப் பார்த்து, சிறுவயதில் எனக்கு வந்த மஞ்சட்காமாலையையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறேன்.